இசைவு பெறாத வரி: பெஞ்சமின் பிராங்க்ளின்

நுழையும்முன்

குடிகளிடம் வரி பெறாமல் எந்த அரசும் இயங்க இயலாது. ஆயினும், வரியை விதிப்பவர் யார், யாருடைய இசைவைப் பெற்று விதிக்கிறார் என்னும் வினாக்கள் எழும்போது ஆட்சியின் அடித்தளமே ஆய்வுக்கு உள்ளாகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் இருந்த பதின்மூன்று ஆங்கிலேயக் குடியேற்றங்களில் இவ்வினாக்கள் எழுந்தன. 1764 முதல் 1776 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், தாய்நாட்டின் மீது பற்றுக்கொண்டிருந்த மக்கள் அதனை எதிர்த்துப் போர்புரியும் நிலைக்கு வந்தனர். பேரரசு உடையாமல் காக்க முயன்ற ஒருவரின் வாழ்வு வழியாக அம்மாற்றத்தை இப்பாடம் விளக்குகிறது.

அச்சகத்தில் தொடங்கிய வாழ்வு

பெஞ்சமின் பிராங்க்ளின் 1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தலைநகராகிய பாஸ்டனில் பிறந்தார். தந்தை சோசையா இங்கிலாந்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர். சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். பதினேழு குழந்தைகளுள் பதினைந்தாவதாகப் பிறந்த பெஞ்சமினுக்கு இரண்டு ஆண்டுப் பள்ளிக்கல்வியே வாய்த்தது. பத்தாம் வயதில் தந்தையின் கடையில் மெழுகுவத்தித் திரிகளை நறுக்கும் வேலையில் அமர்ந்தார். நூல்களின் மீது அவருக்கிருந்த வேட்கையைக் கண்ட தந்தை, பன்னிரண்டாம் வயதில் அவரை அச்சகம் நடத்திய அண்ணன் ஜேம்சிடம் தொழில் பழக விட்டார்.

ஜேம்ஸ் 1721ஆம் ஆண்டு ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். ஆட்சியாளர்களைக் குறைகூறி எழுதியமைக்காக அடுத்த ஆண்டே அவர் சிறையில் அடைக்கப்பட்டார். அந்நாள்களில் பதினாறு வயதுத் தம்பியே இதழை நடத்தினார். எழுத்தைக் கண்டு அதிகாரம் அஞ்சும் என்பதை இளமையிலேயே அவர் அறிந்துகொண்டார். பின்னர் அண்ணனுடன் ஏற்பட்ட பிணக்கால் 1723இல் வீட்டைவிட்டு வெளியேறி, கையில் சில காசுகளுடன் பென்சில்வேனியாவின் தலைநகராகிய பிலடெல்பியாவை அடைந்தார்.

அந்நகரம் அவரை வளர்த்தது. அவரும் அந்நகரை வளர்த்தார். 1729இல் பென்சில்வேனியா கெசட் என்னும் இதழை விலைக்கு வாங்கி நடத்தினார். 1732இல் அவர் வெளியிடத் தொடங்கிய ஆண்டுக்குறிப்பேடு, எளிய அறிவுரைகளுக்காகக் குடியேற்றங்கள் எங்கும் விரும்பிப் படிக்கப்பட்டது. உறுப்பினர் கட்டணத்தில் இயங்கும் நூலகம், தீயணைப்புக் குழு, மருத்துவமனை, உயர்கல்விக்கூடம் ஆகியன பிலடெல்பியாவில் தோன்ற அவர் காரணமானார். நாற்பத்திரண்டாம் வயதில் தொழிலிலிருந்து ஓய்வுபெற்று மின்னாற்றல் ஆய்வில் முழுமையாக ஈடுபட்டார். மின்னலும் மின்னாற்றலே என்பதை மெய்ப்பித்த ஆய்வும், அவர் வகுத்த இடிதாங்கியும் ஐரோப்பா முழுவதும் அவர் புகழைப் பரப்பின. 1753இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. அதே ஆண்டில், அமெரிக்கக் குடியேற்றங்களின் அஞ்சல்துறைத் துணைத்தலைவர்கள் இருவருள் ஒருவராக மன்னரின் அரசு அவரை அமர்த்தியது.

பேரரசின் மீது கொண்ட பற்று

இக்காலத்தில் பிராங்க்ளின் தம்மை அமெரிக்கர் என்பதைவிட ஆங்கிலேயர் என்றே கருதினார். குடியேற்றங்களின் மக்கள்தொகை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று 1751இல் எழுதிய கட்டுரையில் கணித்தார். அவ்வளர்ச்சி பிரித்தானியப் பேரரசுக்கே வலிமை சேர்க்கும் என்பது அவருடைய நம்பிக்கை. ஆனால், குடியேற்றங்களின் தொழில்களை ஒடுக்கும் சட்டங்கள் அவருக்கு உவப்பாக இல்லை. அமெரிக்காவில் இரும்பு கிடைத்தது; அதனை உருக்கி இங்கிலாந்துக்கு அனுப்பலாம்; தகடு அடிக்கும் புதிய ஆலைகளை மட்டும் அமைக்கக்கூடாது என்று 1750ஆம் ஆண்டின் இரும்புச் சட்டம் தடுத்தது. அமெரிக்கத் தொப்பிகளைப் பிற இடங்களுக்கு ஏற்றுமதி செய்வதை 1732ஆம் ஆண்டின் சட்டம் ஏற்கெனவே தடைசெய்திருந்தது.

1754இல் பிரான்சுடன் போர் மூளும் சூழல் உருவாயிற்று. குடியேற்றங்களின் பேராளர்கள் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பனி நகரில் கூடினர். எல்லாக் குடியேற்றங்களுக்கும் பொதுவான ஒரு பேரவை, அதன் தலைவராக மன்னரால் அமர்த்தப்படும் ஒருவர் என்னும் ஒன்றியத் திட்டத்தைப் பிராங்க்ளின் அங்கு முன்வைத்தார். துண்டு துண்டாக வெட்டப்பட்ட பாம்பின் படத்தைத் தம் இதழில் வெளியிட்டு, ஒன்றுபடாவிட்டால் குடியேற்றங்கள் அழியும் என்பதைப் படிக்கத் தெரியாதோருக்கும் உணர்த்தினார். குடியேற்றங்களின் சட்டமன்றங்கள் தம் அதிகாரம் குறைந்துவிடும் என்று அஞ்சி அத்திட்டத்தை ஏற்கவில்லை. இலண்டனும் அதனை வரவேற்கவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் மாசசூசெட்ஸ் ஆளுநர் வில்லியம் ஷெர்லிக்கு எழுதிய மடல்களில், பின்னாளில் பெரும் புயலாக எழவிருந்த வினாவைப் பிராங்க்ளின் முன்கூட்டியே எழுப்பினார். தம் பேராளர்கள் வழியாக இசைவு அளிக்காத மக்கள் மீது நாடாளுமன்றம் வரி விதிப்பது ஆங்கிலேயரின் உரிமைக்கே மாறானது என்பது அவர் முன்வைத்த கருத்து. குடியேற்ற மக்களுக்கும் நாடாளுமன்றத்தில் இடமளித்தால் இரு நாடுகளும் ஒரே சமூகமாக வாழலாம் என்ற தீர்வையும் அவர் கூறினார். அவரது நோக்கம் பிரிவினை அன்று; சமநிலையோடு கூடிய ஒற்றுமையே.

1757இல் பென்சில்வேனியச் சட்டமன்றம் அவரை இலண்டனுக்கு அனுப்பியது. பென்சில்வேனியாவின் உரிமையாளர்களாகிய பென் குடும்பத்தார், போர்ச்செலவுக்காக ஏனையோர் வரி செலுத்தியபோது தம் நிலங்களுக்கு மட்டும் விலக்குக் கோரினர். அவர்கள் நிலத்துக்கும் வரி விதிக்க வேண்டும் என்று வாதிடுவதே அவருடைய பணி. இடையில் ஈராண்டு தாயகம் திரும்பியது தவிர, 1775 வரை இலண்டன் கிரேவன் தெருவிலேயே அவர் வாழ்ந்தார். அவருடைய மகன் வில்லியமை நியூ ஜெர்சியின் ஆளுநராக மன்னர் அமர்த்தினார். பேரரசு தமக்கும் தம் குடும்பத்துக்கும் நல்லதே செய்தது என்று எண்ண அவருக்குக் காரணங்கள் இருந்தன.

போரின் கடனும் புதிய சட்டங்களும்

1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரித்தானியா வென்றது. கனடா அதன் வசமாயிற்று. ஆனால், போர் முடிந்தபோது அந்நாட்டின் கடன் ஏறத்தாழ இருமடங்காகப் பெருகியிருந்தது. வென்ற நிலத்தைக் காக்க அமெரிக்காவில் நிலைப்படை ஒன்றை நிறுத்தவும் அரசு முடிவுசெய்தது. இங்கிலாந்து மக்கள் ஏற்கெனவே கடும் வரிச்சுமையைத் தாங்கிவந்தனர். அமெரிக்கரைக் காக்க ஆகும் செலவின் ஒரு பகுதியை அமெரிக்கரே ஏற்க வேண்டும் என்று முதலமைச்சர் ஜார்ஜ் கிரென்வில் கருதினார். அக்கருத்தில் நியாயம் இல்லாமலில்லை. அதனை நிறைவேற்றிய முறையே சிக்கலுக்கு வித்திட்டது.

1763ஆம் ஆண்டின் அரச ஆணை அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே குடியேறுவதைத் தடுத்தது. 1764ஆம் ஆண்டின் சர்க்கரைச் சட்டம், வெல்லப்பாகின் மீதான தீர்வையை ஒரு காலனுக்கு 6 பென்னியிலிருந்து 3 பென்னியாகக் குறைத்தது. வரி குறைந்ததே, மகிழலாமே என்று தோன்றும். முன்னைய தீர்வை ஏட்டளவில் இருந்தது; கடத்தலும் கையூட்டும் அதனைப் பயனற்றதாக்கியிருந்தன. புதிய தீர்வையோ கண்டிப்புடன் திரட்டப்பட்டது. கடத்தல் வழக்குகள், சான்றாயர் குழு இல்லாத கடற்படை நீதிமன்றங்களில் விசாரிக்கப்பட்டன. அதே ஆண்டின் நாணயச் சட்டம், குடியேற்றங்கள் தாள்பணம் வெளியிடுவதைக் கட்டுப்படுத்தியது. பணத்தட்டுப்பாடு நிலவிய காலத்தில் பணத்தையும் குறைத்து வரியையும் கேட்டதால் வணிகர்கள் திகைத்தனர். 1765இல் வந்த படைத்தங்கல் சட்டம், படைவீரர்களுக்கு இடமும் தேவைப்பொருள்களும் வழங்கும் பொறுப்பைக் குடியேற்றங்களின் மீது சுமத்தியது.

முத்திரை வரியும் தவறிய கணிப்பும்

இவை அனைத்தையும் விஞ்சியது 1765 மார்ச் திங்களில் நிறைவேறிய முத்திரை வரிச் சட்டம். பத்திரங்கள், நீதிமன்ற ஆவணங்கள், உரிமங்கள், செய்தித்தாள்கள், ஆண்டுக்குறிப்பேடுகள் ஆகிய அனைத்தும் அரசு முத்திரையிட்ட தாளிலேயே அச்சிடப்பட வேண்டும். செய்தித்தாளில் இடம்பெறும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங், ஒரு சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், ஓரிணைப் பகடைக்கு 10 ஷில்லிங் என வரி விதிக்கப்பட்டது. இதுவரை வந்த தீர்வைகள் துறைமுகத்தில் வணிகரோடு நின்றன. இவ்வரியோ வழக்குரைஞர், அச்சகத்தார், மதுக்கடைக்காரர், திருமணம் செய்வோர் என அனைவரின் கைக்கும் வந்து சேர்ந்தது. மக்களிடையே கருத்தை உருவாக்கும் திறன்பெற்ற அச்சகத்தாரையும் வழக்குரைஞரையும் ஒருசேரப் பகைத்துக்கொண்டது இச்சட்டத்தின் பெரும்பிழை.

சட்டம் நிறைவேறுமுன் பிராங்க்ளினும் பிற குடியேற்றங்களின் முகவர்களும் கிரென்வில்லைச் சந்தித்து எதிர்ப்புத் தெரிவித்தனர். பயனில்லை. நிறைவேறிய பிறகு எதிர்ப்பதில் பொருளில்லை என்று கருதிய பிராங்க்ளின், முத்திரைத்தாள் வழங்கும் பதவிக்குத் தம் நண்பர் ஜான் ஹியூசைப் பரிந்துரைத்தார். தம் மக்களின் மனநிலையை அவர் முற்றிலும் தவறாகக் கணித்துவிட்டார்.

அமெரிக்கா கொதித்தெழுந்தது. முத்திரை முகவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. அவர்களின் உருவப்பொம்மைகள் எரிக்கப்பட்டன. சட்டம் நடைமுறைக்கு வரவேண்டிய நவம்பர் 1ஆம் நாளுக்குள் ஏறத்தாழ முகவர் அனைவரும் பணியைக் கைவிட்டனர். இச்சட்டத்துக்குப் பிராங்க்ளினும் உடந்தை என்னும் வதந்தி பிலடெல்பியாவில் பரவியது. செப்டம்பரில் அவருடைய புதிய வீட்டைத் தாக்க ஒரு கூட்டம் திரண்டது. அவருடைய மனைவி டெபோரா மகளைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவிட்டு, உறவினர் துணையுடன் துப்பாக்கி ஏந்தி வீட்டைக் காத்து நின்றார். நகர மக்களுள் பிராங்க்ளினின் ஆதரவாளர்களும் திரண்டதால் வீடு தப்பியது.

அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் நியூயார்க்கில் கூடினர். தம் சட்டமன்றங்களுக்கு மட்டுமே தம் மீது வரி விதிக்கும் உரிமை உண்டு என்று தீர்மானித்தனர். வாக்களித்தவர், வாக்களிக்காதவர் என்ற வேறுபாடின்றிப் பேரரசின் குடிகள் அனைவருக்கும் நாடாளுமன்றமே பேராளர் என்று இலண்டன் விடையிறுத்தது. மான்செஸ்டர் போன்ற இங்கிலாந்து நகரங்களுக்கே தனி உறுப்பினர் இல்லை என்பதையும் சுட்டியது. அவ்விடை அமெரிக்கரை நிறைவுசெய்யவில்லை. வணிகர்கள் ஆங்கிலேயச் சரக்குகளை வாங்க மறுத்தனர். வாதத்துக்கு அசையாத இலண்டன் வணிக இழப்புக்கு அசைந்தது.

மக்கள் அவையில் பிராங்க்ளின்

தம் தவற்றை உணர்ந்த பிராங்க்ளின் அதனைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பைப் பெற்றார். 1766 பிப்ரவரி 13ஆம் நாள் நாடாளுமன்றத்தின் மக்கள் அவை அவரை விசாரணைக்கு அழைத்தது. 174 வினாக்கள் தொடுக்கப்பட்டன. அமைதி குலையாமல், குறிப்பும் புள்ளிவிவரமும் கைக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாக விடையளித்தார். முத்திரைத்தாள் வாங்கத் தேவையான வெள்ளிப்பணம் குடியேற்றங்களில் ஓராண்டுக்குக்கூடப் போதாது என்று விளக்கினார். போரில் தம் பங்குக்கும் மேலாக அவை படையும் பணமும் தந்தமையை எடுத்துக்காட்டினார். படையை அனுப்பி வரியைத் திரட்டலாமா என்ற வினாவுக்கு, அங்கே கலகம் எதுவும் இல்லை, செல்லும் படையே கலகத்தை உண்டாக்கிவிடக்கூடும் என்னும் பொருள்பட விடையளித்தார். வணிகத்தை ஒழுங்குபடுத்தும் துறைமுகத் தீர்வையை மக்கள் ஏற்பர் என்றும், உள்நாட்டு வரியையே எதிர்க்கின்றனர் என்றும் அவர் வேறுபடுத்திக் காட்டினார்.

மார்ச் 18ஆம் நாள் முத்திரை வரிச் சட்டம் நீக்கப்பட்டது. அமெரிக்கா எங்கும் மணிகள் ஒலித்தன. பிராங்க்ளினின் பெயர் மீண்டும் புகழ்பெற்றது. ஆனால், அதே நாளில் மற்றொரு சட்டமும் நிறைவேறியது. எல்லா வகையிலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்ற நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டு என்று அது அறிவித்தது. வரி போயிற்று, உரிமைகோரல் நின்றது.

மீண்டும் வரி

1767இல் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்டு, அமெரிக்கர் ஏற்பதாகச் சொல்லப்பட்ட துறைமுகத் தீர்வையையே கையில் எடுத்தார். கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, தாள், தேயிலை ஆகியவற்றின் மீது இறக்குமதித் தீர்வை விதிக்கப்பட்டது. அதில் கிடைக்கும் பணத்திலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் ஊதியம் வழங்கவும் அரசு எண்ணியது. இதுவே அமெரிக்கரை மிகவும் அச்சுறுத்தியது. அதுவரை ஆளுநரின் ஊதியத்தைச் சட்டமன்றம் அளித்துவந்தது. அதனால் ஆளுநர் சட்டமன்றத்துக்குச் செவிசாய்க்க வேண்டியிருந்தது. அந்தக் கடிவாளம் இப்போது கைநழுவியது.

மக்கள் மீண்டும் ஆங்கிலேயச் சரக்குகளைப் புறக்கணித்தனர். பெண்கள் வீட்டிலேயே நூல் நூற்றனர். 1768 அக்டோபரில் பாஸ்டனில் படைகள் வந்திறங்கின. 1770 மார்ச் 5ஆம் நாள் அந்நகரில் படைவீரர்கள் சுட்டதில் ஐவர் மாண்டனர். அவ்வாண்டிலேயே தேயிலைத் தீர்வை தவிர ஏனையவை நீக்கப்பட்டன. வரி விதிக்கும் உரிமையைக் கைவிடவில்லை என்பதைக் காட்டவே அந்த ஒரு தீர்வை எஞ்சவிடப்பட்டது.

பென்சில்வேனியாவுடன் ஜார்ஜியா, நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் ஆகியவற்றுக்கும் இப்போது பிராங்க்ளினே முகவர். உள்நாட்டு வரி, வெளிநாட்டு வரி என்று தாம் முன்பு காட்டிய வேறுபாடு நிலைக்காது என்பதை அவர் உணர்ந்தார். நாடாளுமன்றத்துக்குக் குடியேற்றங்களின் மீது எல்லாச் சட்டங்களையும் இயற்றும் அதிகாரம் இருக்கவேண்டும். அல்லது எதையும் இயற்றும் அதிகாரம் இருக்கக்கூடாது. இடைப்பட்ட நிலை என ஒன்றில்லை என்னும் முடிவை நோக்கி அவர் சிந்தனை நகர்ந்தது. மன்னர் ஒருவரே, நாடாளுமன்றங்கள் பல என்னும் கூட்டமைப்பே பேரரசைக் காக்கும் என்று அவர் எண்ணினார். 1773இல் இலண்டன் இதழ்களில் அவர் எழுதிய அங்கதக் கட்டுரை ஒன்று, பெரிய பேரரசைச் சிறிதாக்கும் வழிகளை விதிகளாக அடுக்கியது. முறையீடுகளைக் கேளாதிருத்தல், தகுதியற்ற ஆளுநரை அனுப்புதல், இசைவின்றி வரி விதித்தல் என நடப்பவற்றையே விதிகளாக்கி அமைச்சர்களுக்குக் கண்ணாடி காட்டினார்.

கடலில் கலந்த தேயிலை

அவ்வாண்டில் வந்த தேயிலைச் சட்டத்தின் வேர் இந்திய மண்ணிலும் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது பெரும் நிதி நெருக்கடியில் சிக்கியிருந்தது. ஹைதர் அலியின் படைகள் கருநாடகப் பகுதியில் ஊடுருவிய செய்தி 1769இல் இலண்டனை எட்டியபோதே கம்பெனியின் பங்குவிலை சரிந்தது. அடுத்து வங்காளத்தைக் கொடும்பஞ்சம் தாக்கியது. கம்பெனியின் கிடங்குகளில் ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் பவுண்டு எடையுள்ள சீனத் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. அதனைத் தன் முகவர்கள் வழியாக அமெரிக்காவில் நேரடியாக விற்றுக்கொள்ளச் சட்டம் கம்பெனிக்கு இடமளித்தது. இங்கிலாந்தில் செலுத்திய தீர்வையும் கம்பெனிக்குத் திருப்பித் தரப்பட்டது. அமெரிக்காவில் பெறப்படும் 3 பென்னித் தீர்வை மட்டும் நீடித்தது.

இதனால் தேயிலையின் விலை முன்னைவிடக் குறைந்தது. ஆயினும் மக்கள் அதனை ஏற்கவில்லை. மலிவான தேநீரைப் பருகுவோர் தம்மை அறியாமலே நாடாளுமன்றத்தின் வரியுரிமைக்குத் தலையசைத்தவர் ஆவர் என்று அவர்கள் கருதினர். உள்ளூர் வணிகரோ கம்பெனியின் தனியுரிமை தேயிலையோடு நிற்காது என்று அஞ்சினர். பிலடெல்பியா தேயிலைக் கப்பலைத் திருப்பி அனுப்பியது. பாஸ்டனில் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் கப்பல்கள் திரும்பிச்செல்ல இசையவில்லை. 1773 டிசம்பர் 16ஆம் நாள் இரவு, அமெரிக்கப் பழங்குடியினரைப்போல் வேடமிட்ட நகரத்தார் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினர். இலண்டனில் இருந்த பிராங்க்ளின் இச்செயலை ஏற்கவில்லை. தனியார் உடைமைக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று அவர் பாஸ்டன் மக்களுக்கு எழுதினார்.

ஒரு மணிநேர மௌனம்

அச்செய்தி இலண்டனை அடைந்தபோது பிராங்க்ளின் வேறொரு சிக்கலில் இருந்தார். குடியேற்றங்களில் ஆங்கிலேயருக்குரிய உரிமைகளைக் குறைக்க வேண்டும் என்னும் கருத்தமைய ஹட்சின்சன் முன்னர் எழுதிய மடல்கள் அவர் கைக்குக் கிட்டியிருந்தன. தீய சட்டங்களுக்கு இலண்டன் அமைச்சர்கள் மட்டும் காரணமல்லர், தவறான அறிவுரை தந்த உள்ளூர் அலுவலர்களும் காரணம் என்று காட்டினால் சினம் தணியும் என எண்ணி அவற்றை மாசசூசெட்ஸ் தலைவர்களுக்கு அனுப்பினார். வெளியிடக்கூடாது என்னும் நிபந்தனையை மீறி அவை பாஸ்டனில் அச்சேறின. சினம் தணியவில்லை, பெருகியது. மடல்களைக் கசியவிட்டவர் யார் என்னும் ஐயத்தால் இலண்டனில் இருவர் வாட்போர் புரிந்தனர். குற்றமற்றோர் உயிரிழப்பதைத் தடுக்க, அனுப்பியவர் தாமே என்று பிராங்க்ளின் வெளிப்படையாக அறிவித்தார்.

ஹட்சின்சனை நீக்கக் கோரிய மாசசூசெட்ஸ் மக்களின் முறையீடு, 1774 ஜனவரி 29ஆம் நாள் அரசரின் பிரிவி கவுன்சில் முன் வந்தது. அவை நிரம்பியிருந்தது. அரசு வழக்குரைஞர் அலெக்சாண்டர் வெடர்பர்ன் முறையீட்டைப் பற்றிப் பேசுவதைவிட்டுப் பிராங்க்ளினைத் திருடர் என்றும் சூழ்ச்சிக்காரர் என்றும் ஏறத்தாழ ஒரு மணிநேரம் இழித்துரைத்தார். கவுன்சில் உறுப்பினர்கள் நகைத்தனர், கைதட்டினர். நீல நிற வெல்வெட்டு உடையணிந்திருந்த அறுபத்தெட்டு வயது முதியவர், முகத்தில் சிறு அசைவுமின்றி நின்றுகொண்டே இருந்தார். ஒரு சொல்லும் மறுமொழி கூறவில்லை. முறையீடு தள்ளுபடியாயிற்று. ஓரிரு நாள்களில் அஞ்சல்துறைப் பதவியும் பறிக்கப்பட்டது.

தமக்கு நேர்ந்த இழிவைவிட மற்றொன்றே அவரை வருத்தியது. குறைகளை எடுத்துச்சொல்லும் முறையீடே குற்றமாகக் கருதப்படுமானால், அவற்றை அறிய ஆட்சியாளருக்கு வேறு வழி இராது. அறியாத குறைகளைத் தீர்க்கவும் வழி இராது. ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலான அந்த ஒரு வாயில் அடைபட்டதை அவர் அன்று கண்டார்.

முறிந்த உறவு

1774இல் பாஸ்டனைத் தண்டிக்கச் சட்டங்கள் தொடர்ந்தன. அழிந்த தேயிலைக்கு ஈடு செலுத்தும்வரை துறைமுகம் மூடப்பட்டது. மாசசூசெட்சின் ஆட்சியமைப்பு மாற்றப்பட்டு, ஊர்க்கூட்டங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட அரசு அலுவலரை வேற்றிடத்தில் விசாரிக்கவும் வழிசெய்யப்பட்டது. இவை பொறுத்துக்கொள்ள முடியாத சட்டங்கள் என்று அழைக்கப்படுகின்றன. ஒரு நகரைத் தனிமைப்படுத்த எண்ணிய சட்டங்கள் பதின்மூன்று குடியேற்றங்களை ஒன்றிணைத்தன. தென் கரோலினா பாஸ்டனுக்கு அரிசி அனுப்பியது. செப்டம்பரில் ஜார்ஜியா நீங்கலாகப் பன்னிரண்டு குடியேற்றங்களின் பேராளர்கள் பிலடெல்பியாவில் முதல் கண்ட மாநாட்டைக் கூட்டினர். இருபது ஆண்டுகளுக்குமுன் ஆல்பனியில் பிராங்க்ளின் வேண்டிய ஒற்றுமையைப் பேரரசின் சினமே உருவாக்கித் தந்தது.

அந்நிலையிலும் அவர் இறுதியாக முயன்றார். தண்டனைச் சட்டங்களை நீக்கினால் தேயிலைக்கான ஈட்டுத்தொகைக்குத் தாமே பொறுப்பேற்பதாகக் கூறினார். சேதம் பிரபு பிரபுக்கள் அவையில் கொண்டுவந்த இணக்கத் திட்டம் 1775 பிப்ரவரியில் தோற்கடிக்கப்பட்டது. பத்தாண்டுகளாகக் கணவரைக் காணாத டெபோரா அதற்கு முன்பே பிலடெல்பியாவில் காலமாகியிருந்தார். மார்ச்சில் பிராங்க்ளின் கப்பலேறினார். அவர் கடலில் இருந்தபோதே, ஏப்ரல் 19ஆம் நாள் லெக்சிங்டனிலும் கன்கார்டிலும் துப்பாக்கிகள் முழங்கின. மே 5ஆம் நாள் கரையிறங்கியவரை மறுநாளே இரண்டாம் கண்ட மாநாட்டின் பேராளராகத் தேர்ந்தெடுத்தனர்.

நியூ ஜெர்சியின் ஆளுநராக இருந்த மகன் வில்லியம் மன்னரின் பக்கமே நின்றார். பதவியைத் துறந்து வருமாறு தந்தை கேட்டார், மகன் இணங்கவில்லை. 1776 ஜூனில் வில்லியம் சிறைப்படுத்தப்பட்டார். அதே காலத்தில் விடுதலைச் சாற்றுரையை உருவாக்கும் ஐவர் குழுவில் தந்தை பணியாற்றினார். தாமஸ் ஜெபர்சன் எழுதிய வரைவில் அவர் சில திருத்தங்கள் செய்தார். இசைவின்றி வரி விதித்தது, அந்தச் சாற்றுரை மன்னர் மீது சுமத்திய குற்றச்சாட்டுகளுள் ஒன்றாக இடம்பெற்றது. ஜூலை 4ஆம் நாள் சாற்றுரை ஏற்கப்பட்டது. அதில் கையொப்பமிட்டோருள் மூத்தவர் எழுபது வயதுப் பிராங்க்ளினே. போரில் சிதைந்த நட்புகள் பலவற்றை அவர் பின்னர் மீட்டார். மகனோடு கொண்ட உறவு மட்டும் முழுமையாகச் சீராகவில்லை.

இறுதி ஆண்டுகள்

1776 இறுதியில் பிரான்சு சென்ற பிராங்க்ளின் அந்நாட்டின் துணையை வென்றெடுத்தார். 1778 பிப்ரவரி 6ஆம் நாள் உடன்படிக்கையில் கையொப்பமிடச் சென்றபோது, பிரிவி கவுன்சில் முன் நின்ற அன்று அணிந்திருந்த அதே நீல வெல்வெட்டு உடையை அவர் அணிந்திருந்தார் என்று கூறுவர். 1783 செப்டம்பர் 3ஆம் நாள் பாரிசில் அமைதி உடன்படிக்கை நிறைவேறியது. அமெரிக்காவின் விடுதலையைப் பிரித்தானியா ஏற்றது.

1787இல் பிலடெல்பியாவில் அரசமைப்பை உருவாக்கக் கூடிய மாநாட்டில், எண்பத்தொரு வயதில் அவர் பங்கேற்றார். பெரிய மாநிலங்களும் சிறிய மாநிலங்களும் முரண்பட்டபோது உருவான இணக்கத் திட்டத்தில் அவருக்கும் பங்குண்டு. வருவாய் திரட்டும் சட்டமுன்வடிவுகள், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பேராளர் அவையிலேயே தொடங்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் ஒரு கூறு. வரி கொடுப்போரின் பேராளர்களே வரியைப் பற்றி முதலில் பேச வேண்டும் என்னும் கொள்கை இவ்வாறு அரசமைப்பில் இடம்பெற்றது.

உரிமை பற்றிப் பேசிய அந்நாடு, அடிமைகளாக வாழ்ந்த ஆப்பிரிக்க மக்களுக்கு அவ்வுரிமையை அளிக்கவில்லை. பிராங்க்ளினும் ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர்; அடிமை விற்பனை விளம்பரங்களைத் தம் இதழில் வெளியிட்டவர். முதுமையில் அக்கொடுமையை உணர்ந்து, பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமைமுறையை ஒழிக்கக் கோரும் முறையீட்டில் கையொப்பமிட்டு அமெரிக்கப் பேராயத்துக்கு அனுப்பினார். பேராயம் அதனை ஏற்கவில்லை. முறையீடுகளை எழுதியே வாழ்ந்தவரின் கடைசி முறையீடு அது. ஏப்ரல் 17ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில், பிலடெல்பியாவில் அவர் காலமானார்.

வெல்லப்பாகுத் தீர்வை பாதியாகக் குறைந்தபோதும் மக்கள் எதிர்த்தனர். தேயிலையின் விலை குறைந்தபோதும் எதிர்த்தனர். அவர்களை எழச்செய்தது வரியின் அளவன்று; தம்மைக் கேளாமல் தம்மீது வரி விதிக்கப்பட்டது என்னும் உணர்வே. அதனை முதலில் உணர்த்த முயன்றவர் பேரரசின் பகைவர் அல்லர், அதன் நண்பர். அந்த நண்பரின் சொல்லுக்குச் செவிமடுக்காத அரசு, குடியேற்றங்களோடு அவரையும் இழந்தது.

தெரிந்து தெளிவோம்

1764 – சர்க்கரைச் சட்டம், நாணயச் சட்டம்
1765 – முத்திரை வரிச் சட்டம், படைத்தங்கல் சட்டம்
1766 – முத்திரை வரி நீக்கம், நாடாளுமன்றத்தின் உரிமையை அறிவிக்கும் சட்டம்
1767 – டவுன்ஷெண்டு சட்டங்கள்
1770 – தேயிலை தவிர ஏனைய டவுன்ஷெண்டு தீர்வைகள் நீக்கம்
1773 – தேயிலைச் சட்டம், பாஸ்டன் தேநீர் விருந்து
1774 – பொறுத்துக்கொள்ள முடியாத சட்டங்கள், முதல் கண்ட மாநாடு
1776 – அமெரிக்க விடுதலைச் சாற்றுரை

கற்பவை கற்றபின்

1. தேயிலையின் விலை குறைந்த பின்பும் பாஸ்டன் மக்கள் அதனை எதிர்த்தது சரியா? இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. வரி பெறும் முறை குறித்துப் புறநானூறும் திருக்குறளும் கூறும் கருத்துகளைத் திரட்டி, இப்பாடக் கருத்துகளுடன் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுக.
3. இந்திய அரசமைப்பின்படி நிதி தொடர்பான சட்டமுன்வடிவுகள் எந்த அவையில் முதலில் கொண்டுவரப்படுகின்றன என்பதை அறிந்து, அதன் காரணத்தைக் குழுவில் கலந்துரையாடுக.